மேலிருந்த முதல் தோட்டா

நேற்று பிற்பகல் பதிவுத் தபாலில் ஆறு பக்கங்கள் வந்தன. உங்கள் ரைபிளை ஆய்வு செய்த தடயவியல் நிபுணரின் அறிக்கை அது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் நான் போட்டிருந்த மனுவுக்குப் பதிலாக நகல் அனுப்பியிருக்கிறார்கள். நான்காம் பக்கத்தில், தோட்டாக்களை அடுக்கும் மேகசினைப் பற்றி எழுதியிருக்கிறது. மேகசின் நல்ல நிலையில் இருந்தது; ஸ்பிரிங் தளரவில்லை; வாய் ஓரங்கள் நெளியவில்லை; உள்ளே துருவும் இல்லை, எண்ணெய்ப் பிசுக்கும் இல்லை. ஐந்து தோட்டாக்களில் கீழே இருந்த நான்கும் முறைப்படி அடுக்கப்பட்டிருந்தன. மேலிருந்த முதல் தோட்டா மட்டும் மாறி உட்கார்ந்திருந்தது. துப்பாக்கி வேலை செய்யாததற்கு அது ஒன்றே காரணம் என்கிறார் நிபுணர்.

ஆறு வருடங்களுக்கு முன்பு நான் செய்தியில் எழுதியதும் ஏறக்குறைய இதேதான். அதனால்தான் இந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு நேற்று வெகுநேரம் எங்கே உட்காருவது என்று தெரியாமல் இருந்தேன்.

நீங்கள் ராணுவத்தில் இருபத்திரண்டு வருடம் இருந்துவிட்டு ஹவில்தாராக ஓய்வு பெற்று முத்தியால்பேட்டைக்குத் திரும்பியவர். முன்னாள் ராணுவத்தினர் பலரும் செய்வதுபோல உரிமம் எடுத்து, ஐந்து தோட்டா கொள்ளும் ரைபிள் ஒன்றை வாங்கி, சாரம் பகுதிக்கு அப்பால் இருந்த கண்ணாடிப் பாட்டில் தொழிற்சாலையின் கேட்டில் துப்பாக்கிக் காவலராகச் சேர்ந்தீர்கள். அந்தத் தொழிற்சாலை இப்போது இல்லை. என் வீடு உங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி. மாலை ஐந்து மணிக்கு ஒரே டீக்கடையில் நின்றதுதான் நம் பழக்கத்தின் தொடக்கம்.

முதல் நாளே என்னை 'முசே' என்று கூப்பிட்டீர்கள். பிரெஞ்சுக்காரத் துரைமார்களை அழைத்த அந்தச் சொல்லை இந்த ஊரில் யாரைக் கிண்டல் செய்யவும் பயன்படுத்தலாம்.

"என்னா முசே, பேப்பரா, மேகசினா?"

"தினசரிதான் அண்ணே. ஞாயித்துக்கெழம ஒரு மேகசினும் வரும்."

"உன் மேகசின்ல ஒரு பக்கம் முன்ன பின்ன ஆயிட்டா என்னா ஆவும்?"

"ரெண்டு பேர் போன் பண்ணித் திட்டுவாங்க."

"என் மேகசின்ல ஒன்னு முன்ன பின்ன ஆனா, போன் பண்ண ஆளு இருக்க மாட்டான்."

சொல்லிவிட்டு டீக்கடைக்காரரிடம் தீப்பெட்டியை வாங்கி, ஐந்து குச்சிகளை பெஞ்சின்மேல் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துக் காட்டினீர்கள். குச்சியின் மருந்துத் தலைதான் தோட்டாவின் அடியில் இருக்கும் பட்டையான விளிம்பு. மேலே வைக்கிற ஒவ்வொன்றின் விளிம்பும் கீழே இருப்பதன் விளிம்புக்குக் கொஞ்சம் முன்னால் உட்கார வேண்டும். பின்னால் உட்கார்ந்துவிட்டால் மேலிருப்பது கிளம்பும்போது கீழிருப்பதில் மாட்டிக்கொள்ளும். இரண்டும் கவ்விக்கொண்டு நகராது. "பஸ்ல எறங்கறவன் கால, ஒக்காந்திருக்கறவன் இடறிவுட்ட மாதிரி" என்றீர்கள். ஐந்தையும் போட்டு முடித்ததும் மேலே இருப்பதைக் கட்டைவிரலால் ஒருமுறை தொட்டுப் பார்க்காமல் நீங்கள் மேகசினைத் துப்பாக்கியில் பொருத்தியதே இல்லை. கண்ணை எங்கோ வைத்துக்கொண்டு விரலை மட்டும் விட்டுப் பார்ப்பீர்கள்.

உங்களிடம் இரண்டு மேகசின்கள் இருந்தன. மகளின் நகப்பூச்சால் ஒன்றில் ஒரு சிவப்புப் பொட்டும் மற்றதில் இரண்டு பொட்டும் வைத்திருந்தீர்கள். எது தகராறு செய்கிறது என்று தெரிய வேண்டுமானால் எது எது என்று முதலில் தெரிய வேண்டும் என்பது உங்கள் வாதம். ஒருமுறை ரெண்டு பொட்டு மேகசின் கை நழுவிச் சிமென்டுத் தரையில் விழுந்துவிட்டது. அதை ஒரு வாரம் வேலைக்கு எடுத்துப் போகவில்லை. அதன் வாயோரம் நெளிந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தீர்கள். மருந்தில்லாத பயிற்சித் தோட்டாக்களைப் போட்டுப் போட்டு எடுத்தீர்கள். அண்ணி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "பொண்ணு பாக்க வந்தப்பகூட என்னைய இப்பிடிப் பாக்கல தம்பி" என்றார்கள். நீங்கள் நிமிரவே இல்லை. "அப்ப பாத்திருக்கணும்" என்றீர்கள்.

வேலை முடிந்து வந்ததும் மேகசினைக் காலி செய்து, உலர்ந்த பருத்தித் துணியால் உள்ளும் வெளியும் துடைப்பீர்கள். கடல் நாலு தெரு தள்ளித்தான், உப்பு இரும்பைத் தின்னும் என்பீர்கள். வெளிப்பக்கம் லேசாக எண்ணெய்க் கை. உள்ளே எண்ணெய் கூடாது. எண்ணெய் மண்ணைப் பிடிக்கும், மண் ஸ்பிரிங்கைப் பிடிக்கும். துப்பாக்கி பீரோவில், தோட்டா வேறொரு பெட்டியில், சாவி உங்கள் அரைஞாணில். இரவெல்லாம் நிரப்பியே வைத்தால் ஸ்பிரிங் தளர்ந்துவிடுமா என்று நான் கேட்டேன். "நல்ல ஸ்பிரிங் அமுங்கியே கெடந்தா ஒன்னும் ஆவாது. ஏத்தி எறக்கி ஏத்தி எறக்கித்தான் தேயும். நான் காலி பண்றது ஸ்பிரிங்குக்காக இல்ல முசே. பொண்ணு வளர்ற வூடு."

இவ்வளவும் தெரிந்த ஒருவனாகத்தான் அந்த மாலையும் உங்கள் பக்கத்தில் நின்றிருந்தேன்.

தொழிற்சாலையில் சிலரை நீக்கியிருந்தார்கள். மறுநாள் காலை கேட்டில் கூடுவதாகத் தொழிலாளர்கள் அறிவித்திருந்தார்கள். கூடப்போகிறவர்களில் பாதிப் பேர் முத்தியால்பேட்டைக்காரர்கள், பழைய மில் குடும்பங்கள். முன்னால் நிற்கப்போகிறவன் உங்கள் பக்கத்து வீட்டு சேகர். நீங்கள் டீயை ஆறவிட்டுக்கொண்டு சொன்னீர்கள்:

"செக்யூரிட்டி ஆபீசர் சொல்லிட்டான். நாளைக்கு கேட்டு அசைஞ்சா சுடணுமாம்."

"வானத்தப் பாத்துதான அண்ணே?"

"வானத்துலயா கேட்டத் தள்றாங்க?"

அப்படியெல்லாம் சுட முடியாது, சட்டம் இருக்கிறது என்றேன்.

"சட்டம் அப்பால வரும். ஆர்டர் முன்ன வரும். இருவத்திரெண்டு வருஷம் பழக்கி வெச்ச கை இது. காதுல வார்த்த வுழுந்தா மூளைக்குப் போறதுக்கு முன்ன வெரலுக்குப் போயிடும். எனக்கு என் கையத் தெரியும்."

"அப்ப லீவு போட்டுடுங்க."

"போட்டா வேற ஒருத்தன நிறுத்துவான். அவன் துப்பாக்கி வேல செய்யும்."

அந்த நேரத்தில் அலுவலகத்திலிருந்து என் செல்போன் அடித்தது. உங்கள் கடைசி வாக்கியத்தை, பழைய துப்பாக்கியைப் பற்றிய வழக்கமான சலிப்பு என்று எடுத்துக்கொண்டு நான் கிளம்பிவிட்டேன். கூட்டத்தின்மீது சுடச் சொல்லியிருக்கிறார்கள் என்பதையாவது அன்று இரவே எழுதியிருக்கலாம். அந்த அதிகாரியிடம் கேட்டு உறுதி செய்யாமல் எழுதக்கூடாது என்று இருந்துவிட்டேன். அவரை நான் கூப்பிடவும் இல்லை.

மறுநாள் காலை பத்தரை மணிக்கு கேட் அசைந்தது. நான் சாலைக்கு எதிர்ப்புறம், ஒரு சைக்கிள் கடை நிழலில் நோட்டுடன் நின்றிருந்தேன். உங்களுக்கு வலப்பக்கம் அந்த அதிகாரி. அவர் வாய் அசைந்தது தெரிந்தது. சொல் எனக்குக் கேட்கவில்லை. நீங்கள் சொன்னதுபோலவே நடந்தது: உங்கள் தோளுக்குத் துப்பாக்கி ஏறிய வேகத்தில் யோசனைக்கு இடமே இருக்கவில்லை. தோட்டாவை உள்ளே தள்ளும் போல்ட்டை இழுத்துத் தள்ளினீர்கள். பாதியில் நின்றது. மறுபடி இழுத்துத் தள்ளினீர்கள். நின்றது. மூன்றாவது முறையும்.

கேட் கம்பிக்கு அந்தப் பக்கம், உங்களிடமிருந்து நான்கு அடியில் சட்டையைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்ற சேகர்தான் முதலில் வாயைத் திறந்தான்.

"என்னா மிலிட்ரி, உள்ள பல்லி பூந்துடுச்சா?"

பின்னாலிருந்து ஒரு குரல், "டிக் டிக்குன்னு சத்தம் மட்டும் வருதுய்யா" என்றது. சிரிப்பு முன்வரிசையிலிருந்து பின்வரிசைக்குப் போனது. அதிகாரி துப்பாக்கியைப் பிடுங்கித் தானே தள்ளிப் பார்த்தார். அவராலும் முடியவில்லை. சிரிப்பு இரண்டு மடங்கானது. சிரிக்கிறவர்களால் கேட்டைத் தள்ள முடியாது. கைகள் கம்பியிலிருந்து இறங்கின. போலீஸ் ஜீப் வந்தபோது, கூட்டம் உங்களைப் பார்த்துக் கைதட்டிக்கொண்டிருந்தது. ஒருவருக்கும் காயம் இல்லை.

அப்போது நான் பார்த்தும் குறித்துக்கொள்ளாத ஒன்று உண்டு. தோட்டா மாட்டிக்கொண்டால் என்ன செய்ய வேண்டும் என்று நீங்களே எனக்குச் சொல்லியிருக்கிறீர்கள்: மேகசினைக் கழற்று, மேலிருப்பதை எடு, சரியாக வை, பொருத்து. உங்கள் கைக்கு அது சில நொடி வேலை. அன்று நீங்கள் மேகசினைத் தொடவே இல்லை. நேற்றுச் சேர்ந்தவர்போல போல்ட்டை மட்டும் இழுத்து இழுத்துத் தள்ளிக்கொண்டிருந்தீர்கள்.

போலீசார் மேகசினைத் தோட்டாக்களோடு அப்படியே கழற்றி முத்திரை வைத்தார்கள். "பெரியவரு தோட்டாவத் தப்பாப் போட்டிருக்காரு" என்றார் வந்திருந்த இன்ஸ்பெக்டர். அதிகாரியும் அதையே சொன்னார். எனக்கு இரண்டு ஆதாரம் கிடைத்துவிட்டது. 'மேகசினில் தோட்டாவைத் தவறாக நிரப்பியதால் துப்பாக்கி இயங்கவில்லை' என்று எழுதினேன். உங்கள் பெயர், வயது, முன்னாள் பதவி மூன்றையும் பிழையில்லாமல் எழுதினேன். செய்தி மேசையில் இருந்தவர்கள் மேலே ஒரு துணைத் தலைப்பு வைத்தார்கள்: சுடத் தெரியாத காவலர். அதை நான் படித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் மாலை நீங்கள் டீக்கடைக்குப் பேப்பரோடு வந்தீர்கள். நாலாக மடித்து, என் செய்தி மேலே தெரிகிறபடி.

"தவறாகன்னு போட்டிருக்க."

"இன்ஸ்பெக்டர் சொன்னாரு அண்ணே. இல்லன்னா சொல்லுங்க, நாளைக்கே மறுப்பு போட்டுடறேன்."

நீங்கள் டீ முழுவதையும் குடித்து முடித்தீர்கள். கிளாஸைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சொன்னீர்கள்: "வேணாம். என் கைதான் போட்டுச்சி. இதோட வுட்டுடு முசே."

அந்த வாரமே வேலை போயிற்று. ஆயுதம் கையாளத் தகுதி போதவில்லை என்று துப்பாக்கி உரிமமும் ரத்தானது. ஒரு நகைக்கடையில் காவல் வேலை கேட்டுப் போனபோது அவர்கள் என் செய்தியின் வெட்டுத்துண்டை எடுத்துக் காட்டினார்களாம். இதைச் சொன்னது அண்ணி. பிறகு ஒரு கல்யாண மண்டபத்தில் கைக்கம்போடு வாட்ச்மேன் ஆனீர்கள். தெருவில் உங்கள் பெயர் 'டிக் டிக்' ஆனது. கூப்பிட்டால் திரும்பிப் பார்த்துச் சிரிப்பீர்கள். ஐந்து மணி டீயை நான்கு மணிக்கு மாற்றிக்கொண்டீர்கள். நான்கு மணிக்கு எனக்கு அலுவலகக் கூட்டம் என்பது உங்களுக்குத் தெரியும்.

போன வருடம் மழைக்காலத்தில் நெஞ்சுவலி வந்து, ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே போய்விட்டீர்கள். திண்டிவனம் பக்கத்திலிருந்து உங்களோடு ராணுவத்தில் இருந்த ஒருவர் வந்திருந்தார். வாசல் பந்தலின் கீழ் யாரோ அந்தத் துப்பாக்கிக் கதையை அவருக்குச் சொன்னார்கள். அவர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

"யாரு, இவனா? ஏன்யா, கண்ணக் கட்டிவுட்டா கண்ணக் கட்டிக்கிட்டு அஞ்சு போடுவான்யா இவன். எனக்கே இவன்தான் கத்துக்குடுத்தான். தப்பாப் போட்டானாம்."

 சேகர் பாடையின் முன்பக்க மூங்கிலுக்குத் தோள் கொடுக்கப் போனான். நான் அங்கேயே நின்று, டீக்கடையில் நீங்கள் கடைசியாகச் சொன்ன, ஐந்து வருடமாக என் காதில் ஏறாத அந்த வாக்கியத்தைக் கேட்டேன். அவன் துப்பாக்கி வேல செய்யும். அடுத்த வாரம் மனு எழுதினேன். முதலில் மறுத்தார்கள்; மேல்முறையீடு செய்துவிட்டுக் காத்திருந்தேன்.

தெரியாத கை எந்தத் தோட்டாவை வேண்டுமானாலும் மாற்றி வைக்கும், இரண்டாவதை, நான்காவதை. நான்கைச் சரியாக வைத்துவிட்டு, கடைசியாக மேலே வைக்கும் ஐந்தாவதை, தினமும் கட்டைவிரலால் தொட்டுப் பார்த்தே தீருகிற அந்த ஒன்றை, மாற்றி வைக்கத் தெரிந்த கை வேண்டும். அந்தக் காலையில் உங்கள் விரல் அதைத் தொட்டுப் பார்த்திருக்கும். பின்னால்தான் இருக்கிறது என்று உறுதி செய்துகொண்டு கிளம்பியிருப்பீர்கள்.

நேற்று மாலை உறையைப் பையில் வைத்துக்கொண்டு டீக்கடைக்குப் போனேன். சேகர் இப்போது ஆட்டோ ஓட்டுகிறான். இரண்டு பெண் குழந்தைகள். பெரியவளை டியூஷனில் விட்டுவிட்டு வந்திருந்தான்.

"நம்ம டிக் டிக்குக்கு தெவசம் வருது, இல்ல சார்? வெள்ளிக்கெழமன்னாங்க. வாழ எலைக்கு நான் சொல்லிட்டேன். பாவம், தோட்டா போடத் தெரியலன்னாலும் மனுஷன் தங்கம்."

அந்த ஆறு பக்கமும் அவன் முழங்கைக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. ஆமாம் என்று மட்டும் சொன்னேன்.

அங்கிருந்து உங்கள் வீட்டுக்குப் போனேன். நான்காம் பக்கத்தை அண்ணிக்குப் படித்துக் காட்டி, தீக்குச்சிகளை வைத்து விளக்கினேன். குச்சிகளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அன்னிக்குக் காலைல ரெண்டு பொட்ட பீரோலயே வுட்டுட்டுப் போயிட்டாரு தம்பி. கீழ வுழுந்த அந்த வாரத்தத் தவிர, ரெண்டும் இல்லாம ஒரு நாளும் போனதில்ல. மறந்துட்டீங்கன்னு எடுத்துக்கிட்டுத் தெருமொன வரைக்கும் ஓடினேன். திரும்பிப் பாத்தாரு. உள்ள வெச்சிடுன்னாரு. அவ்ளோதான்."

பிறகு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்கள். துணிக்குள்ளிருந்தே பேசினார்கள்.

"ஊரே டிக் டிக்னுச்சி. ஒரு நாள் வீட்டுச் செலவுக்கு இல்லாத கோவத்துல நானும் சொல்லிட்டேன். ஒழுங்காப் போட்டிருந்தா வேல இருந்திருக்குமே, டிக் டிக்குன்னு. சாப்ட்டுக்கிட்டு இருந்தாரு. சிரிச்சாரு தம்பி. கொழம்பு ஊத்துன்னாரு."

ஒரு திருத்தம் வெளியிடலாம் என்று சொன்னேன். போட்டால் என்ன ஆகும் என்று கேட்டார்கள். தெரிந்ததைச் சொன்னேன். தொழிற்சாலை மூடிவிட்டது, அவர்களால் ஒன்றும் செய்ய முடியாது. ராணுவப் பென்ஷனுக்கு இதனால் பங்கம் வராது. உங்களுக்குத் தோட்டா போடத் தெரியும் என்பது ஊருக்குத் தெரிந்துவிடும். ஏன் மாற்றிப் போட்டீர்கள் என்பதும் தெரிந்துவிடும்.

"சேகரு படிப்பானே."

"படிப்பான் அண்ணி."

"தெனமும் வாசல்ல ஆட்டோவ நிறுத்தி, பெரிம்மா எதனா வேணுமான்னு கேட்டுட்டுப் போறவன். எதுத்தாப்ல நின்ன அவனுக்காகத்தான் மாத்திப் போட்டாருன்னு தெரிஞ்சா அப்பறம் எப்பிடி என் மொகத்தப் பாப்பான்? அவரு கடைசி வரைக்கும் வாயத் தொறக்கல. நான் தொறக்கலாமான்னு தெரியல. தெவசத்துக்குப் பொண்ணு வர்றா. அவளக் கேட்டுட்டு சொல்றேன் தம்பி."

நான் தொழிலில் முப்பது வருடமாகிறது. பெயரைத் தவறாக எழுதியதற்கும் ஊரை மாற்றி எழுதியதற்கும் திருத்தம் போட்டிருக்கிறேன். ஒரு மனிதர் தன் கைக்கே பயந்து, அந்தக் கையைக் கொண்டே அதைத் தடுத்து வைத்ததை, அவருக்கு வேலை தெரியாது என்று எழுதியதற்குத் திருத்தம் எத்தனை வரி வேண்டும் என்று தெரியவில்லை. இரவில் அல்ல, பகலில், பேருந்தில், கூட்டங்களில் உட்கார்ந்திருக்கும்போதுதான் அது வருகிறது: நீங்கள் கிளாஸைக் கவிழ்த்து வைத்த அந்தச் சத்தமும், 'என் கைதான் போட்டுச்சி' என்று நீங்கள் சொன்னதும். நீங்கள் என்னிடம் பொய் சொல்லவில்லை. கேள்வியை நான் சரியாகக் கேட்கவில்லை.

இன்று காலை நான்கு வரி எழுதி ஆசிரியரிடம் கொடுத்தேன். படித்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமைப் பக்கத்தில் இடம் ஒதுக்கியிருக்கிறார். குடும்பத்தின் சம்மதம் இல்லாமல் வெளியாகாது என்று அதன் தலையில் எழுதி வைத்திருக்கிறோம். அந்தப் பக்கம் வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்கு முடியும். உங்கள் திவசம் அன்று காலை. படையல் முடிந்து, காக்கைக்கு வைத்துவிட்டு வந்து சொல்வதாக அண்ணி சொல்லியிருக்கிறார்கள். சேகரும் அங்கே இருப்பான். அதுவரை 'தவறாக' என்ற சொல் உங்கள் பெயருக்குப் பக்கத்தில், நான் வைத்த இடத்திலேயே இருக்கிறது.